ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை

மழையைப் பற்றி அழகாக எழுதிக்கொண்டிருந்ததால், மழை வந்துவிட்டது என்று சொல்ல மறந்துபோன மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மடையன் என்ற சொல்லை அடக்கத்துக்காகப் போடவில்லை. ராஜபாளையத்தில் இருபது பெண்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்த பார்வையில் அது எழுதியிருந்தது. நான் படித்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பினாங்கில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் கொடுக்கும் கடையில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனிக் கடைசியில், "நம்ம துணி எப்படி வெளுக்கிறார்கள், எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பார்த்து, கையோடு கப்பலேற்றிவிட்டு வா" என்று என் முதலாளி என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பினார். முதலாளியம்மா தன் பங்குக்கு, "பக்கத்தில்தானே ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவா வாங்காமல் திரும்பாதே" என்றார். இந்த இரண்டு கட்டளைகளில் ஒன்றை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றினேன். எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

மதுரையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நீளக் கறுப்புக் குடையோடு இறங்கினேன். பினாங்கில் மழை வீட்டு மாப்பிள்ளை மாதிரி; மாலை நாலு மணிக்குக் கேட்காமலே வந்து நிற்கும். குடையில்லாமல் வெளியே போனால் உடம்பில் ஏதோ ஒன்று குறைந்தது போலிருக்கும். இங்கேயோ தார் ரோடு உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. பஸ் ஸ்டாண்டில் பதநீர் விற்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழைய எங்கயாச்சும் விட்டுட்டு வந்துட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

கட்டுத்துணி ஆலையின் முதலாளி பெயர் ரெங்கராஜா. வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ். வாசலைக் காத்தது ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். என்னை அது மன்னித்திருக்கும், குடையைத்தான் மன்னிக்கவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்தால் அது ஒரு பல்லைக் காட்டியது. கடைசியில் குடையைத் தெருவில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டபடி உள்ளே போனேன். "மரியாதை தெரிஞ்ச மனுசன்" என்று உள்ளேயிருந்து முதலாளி சொன்னது என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டில் இட்லியோடு ரேடியோவும் பரிமாறப்பட்டது. தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும், ஒருசில இடங்களில் பலத்த காற்றும் வீசக்கூடும் என்று ஒரு பெண் குரல் அலுங்காமல் நலுங்காமல் சொன்னது.

"ஓரிரு இடம்னா எந்த இடம்?" என்று கேட்டேன்.

"அத மட்டும் சொல்ல மாட்டாக" என்றார் முதலாளி, என் இலையில் ஒரு சப்பட்டை மாம்பழத்தை வைத்துக்கொண்டே. "ரேடியோவும் மாமியாரும் ஒண்ணு. பேர் சொல்லாமத்தான் திட்டுவாக. நமக்குத்தான்னு நாமளா எடுத்துக்கிடணும்."

ஆலை, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி இருந்தது. உள்ளே துணியை வேகவைத்து, வெளுத்து, அலசுகிறார்கள். வெளியே ரோட்டையொட்டி ஒரு பெரிய செம்மண் களம். கம்பு நட்டு, கயிறு கட்டி, மேற்கு மலையை நோக்கி வரிசை வரிசையாக வெள்ளைத் துணி. மெல்லிய வலைத்துணி, பின்னால் இருக்கிற ஆள் தெரியும். பார்த்தவுடன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, "பூமிக்குக் காயம் பட்டு யாரோ கட்டுப் போட்டது போல" என்று எழுதினேன். இந்த நோட்டைக் கவனித்து வையுங்கள். இந்தக் கதையின் வில்லன் அதுதான்.

களத்தைப் பார்த்துக்கொண்டவர் சொர்ணம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றுக்குக் கயிறு துணியைத் தொட்டுப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். களத்து மேஸ்திரி வேலை அதுவரைக்கும் ஆண்களிடம்தான் இருந்ததாம். பழைய மேஸ்திரி போன பிறகு முதலாளி இவரிடம் கொடுத்துப் பார்க்கிறார்.

"எங்க லோடுதான் பரீட்சை, அப்படித்தானே?" என்றேன்.

சொர்ணம்மா அடுத்த கயிற்றுக்கு நகர்ந்தார். பக்கத்தில் துணியை உதறிக்கொண்டிருந்த மாரி என்ற இளம்பெண் சொன்னாள்: "ஆமா அண்ணாச்சி. ஒங்க துணி நல்லபடியாக் கப்பலேறுனா சொர்ணக்கா நிரந்தர மேஸ்திரி. இல்லன்னா மறுபடியும் ஒரு மீசைதான் வரும், எங்களத் திட்டுறதுக்கு."

"ஏட்டி, வாயி பேசுற நேரத்துக்குக் கையி பேசட்டும்" என்றார் சொர்ணம்மா.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டவுன் பஸ் வந்தது. களத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு நொடி வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். பஸ் போனது, வேலை தொடர்ந்தது. கால் மணி நேரம் கழித்து இன்னொரு பஸ். மறுபடியும் இருபது தலைகளும் திரும்பின. யாரோ தெரிந்தவர் வரப்போகிறார் என்று நினைத்து நானும் தலையைச் சீவிக்கொண்டேன்.

"யாரை எதிர்பார்க்கறீங்க?"

"மழைய" என்றாள் மாரி.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்துக் கோடை மழை பெரும்பாலும் முதலில் வில்லிபுத்தூரில் இறங்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருமாம். அங்கிருந்து வருகிற பஸ்ஸின் ஜன்னல் படுதாக்களைப் பார்த்தால் போதும். படுதா ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் வெயிலுக்காக இறக்கியது. இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் அங்கே மழை. அதன் பிறகு அரை மணி நேரம் கையில் இருக்கும். அதற்குள் களத்தைக் காலி செய்துவிடுவார்கள். ரேடியோ சொல்லாத அந்த ஓரிரு இடத்தை டவுன் பஸ் சொல்லிவிடுகிறது.

நான் சிரித்தேன். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை மட்டுமாவது திரும்ப விழுங்கிவிடலாமா என்றிருக்கிறது.

மூன்றாம் நாள்தான் அந்த நாள். மறுநாள் காலையில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி. கடைசி ஈடு துணி ஈரமாகக் கிடக்கிறது. ரேடியோ காலையில் அதே பாட்டைப் பாடியது. இந்த முறை பலத்த காற்றைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னது போலிருந்தது. மலை உச்சியில் ஒரு சாம்பல் மேகம், வேலை இல்லாத ஆள் போல உட்கார்ந்திருந்தது.

"விரிக்கவா, வேண்டாமா?" என்று சொர்ணம்மா யோசித்தார். "விரிச்சா சாயங்காலம் வரைக்கும் வெயில் வேணும். பாதி காஞ்சதுல சுருட்டுனா கறை விழுந்துரும். பஸ்ஸப் பாத்துட்டு அவசரப்பட்டு எடுத்துட்டு, பொறவு மழை வரலன்னா அதுவும் போச்சு."

இங்கேதான் நான் முன்னால் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

"சொர்ணம்மா, நான் இன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் போறேன். உங்க பஸ் மழைன்னுதானே சொல்லும்? தூறலா, கொட்டுதா, எந்தப் பக்கம் நகருதுன்னு சொல்லுமா? நான் பினாங்குக்காரன். மழையிலேயே பொறந்தவன். முதல் சொட்டு விழுந்ததும் போன் போடுறேன். என்னை நம்பி விரிங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழிவுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, மார்க்கிங் பென்சிலால் ஆலையின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "தாளுல எழுதுனா தொலைச்சிருவீக. மறந்துராதீக அண்ணாச்சி. நான் பஸ்ஸப் பாக்கப் போறதில்ல. ஒங்க போனத்தான் பாப்பேன்."

"இந்த அண்ணாச்சிய நம்பியா?" என்றாள் மாரி. "நாயிகிட்டயே குடையப் பறிகொடுத்தவரு அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணம்மா சிரிக்கவில்லை. விரிக்கச் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு பால்கோவா கடைக்கு வந்தேன். விறகடுப்பில் அகலமான இரும்புச் சட்டி. பால் சுண்டிச் சுண்டிக் கிளறுகிறவரின் கைக்கு அடங்கிக்கொண்டிருந்தது. "சூடாச் சாப்புடுங்க, ஆறுனா அது வேற பண்டம்" என்று கடைக்காரர் வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்தார். சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி வைத்தார். முதலாளியம்மாவுக்கு வாங்க வந்தவன், முதலாளியம்மாவின் பங்கையும் அங்கேயே முடித்துவிடுவேன் போலிருந்தது.

அப்போது வெளிச்சம் சட்டென்று மங்கியது. புழுதி எழும்பியது. முதல் சொட்டு கடை வாசலில் விழுந்து, பத்துப் பைசா அளவுக்கு ஒரு வட்டம் போட்டது.

சொன்னேனே, முதல் சொட்டு. அதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்ததும் என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிற்று, நோட்டை எடுத்தது. காய்ந்த மண் நனைகிற வாசனையைப் பினாங்கில் எங்கே பார்ப்பது? அங்கே மண் காய்ந்தால்தானே! எழுதினேன். கோபுரத்தின் மேல் மின்னல் ஓடியதை எழுதினேன். பூ விற்ற அம்மாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியதை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நடுவில் மூன்றாவது கரண்டி வேறு. இதைவிட நல்ல மழை வர்ணனை நான் எழுதியதில்லை என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு, நெய் பிசுபிசுத்த விரல்களைத் துடைக்கப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தேன்.

துணியில் ஒரு போன் நம்பர் இருந்தது.

முதலாளியம்மாவின் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, நாய் விட்டுவைத்த குடையை விரித்தபடி ஓடினேன். இரண்டாவது அடியில் காற்று அதைப் புனலாக்கியது. எதிர்ப்பக்கம் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் ஏற்கனவே ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு யார் யாரை அழைக்கக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் ஜாடையைப் பார்த்து அவர் போனை வைக்கவும், தலைக்கு மேல் இடி இறங்கவும் சரியாக இருந்தது. ரிசீவரை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கிர் கூட இல்லை.

"லைன் போச்சு சார்" என்றார் பூத்காரர். "செத்த முன்னால வந்திருக்கக் கூடாது?"

பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு பக்கப் படுதாவும் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இதற்கு முன்னால் போன பஸ்ஸும் இப்படித்தானே போயிருக்கும்? கூரை ஒழுகியதால் உள்ளேயே குடையின் மிச்சத்தை விரித்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "குடைக்கு அரை டிக்கெட் போடவா?" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பேன். டிரைவரிடம் போய், "கொஞ்சம் வேகமா" என்றேன். "மழையோட பந்தயமா?" என்றார் அவர். ஆமாம். பந்தயம்தான். மழைதான் ஜெயித்தது.

நான் இறங்கியபோது களத்தில் வெள்ளை என்று எதுவும் இல்லை. காற்று வரிசை வரிசையாகக் கம்புகளைச் சாய்த்திருந்தது. துணியெல்லாம் செம்மண் சேற்றில் சுருண்டு கிடந்தது. பெண்கள் முழங்கால் வரை சேற்றில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் கீழே குனிந்து, பிறகு மறுபடியும் இழுத்தார்கள். சொர்ணம்மாவின் கையில் இருந்த துணியில் செங்கல் நிறம் வடிந்தது.

"என்னாச்சு?" என்றேன். இதைவிட மட்டமான கேள்வி அந்த நேரத்தில் வேறு இருக்க முடியாது.

மாரிதான் சொன்னாள். "ரெண்டு பக்கமும் படுதா போட்டு ஒரு பஸ்சு போச்சு. நாங்க அம்புட்டு பேரும் கத்துனோம். 'பொறுங்கட்டி, அண்ணாச்சி அங்கதான நிக்காக, மழைன்னா போன் போட்டிருப்பாக, வெயிலுக்கு எறக்கியிருப்பான்'னு சொர்ணக்கா சொல்லிட்டாக. ஆபீஸ் வாசல்ல போனப் பாத்துக்கிட்டே நின்னாக."

"லைன் போயிருச்சு" என்றேன். "இடி விழுந்து லைன் டெட்."

பொய் இல்லை. உண்மையின் கடைசிக் கால் மணி நேரம். முன்பாதியை வெட்டிவிட்டேன்.

மாரி என் கையில் தொங்கிய பால்கோவா பொட்டலத்தைப் பார்த்தாள். "லைன் போச்சு. பால்கோவா மட்டும் வந்துருச்சு."

சொர்ணம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் லாரி வந்து, லோடு முழுசாக இல்லாததால் காலியாகவே திரும்பிப் போனது. முதலாளி ரெங்கராஜா களத்துக்கு வந்தார். கோபத்தில் அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போனு இல்ல, சரி. பஸ்சு கண்ணு முன்னால போயிருக்கு. பாத்துட்டும் எடுக்கலன்னா நீ என்ன மேஸ்திரி? நாளையிலருந்து வேற ஆளப் பாக்கேன்."

சொர்ணம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என் செருப்பைப் பார்த்தேன். செருப்பில் சேறு இருந்தது. கொஞ்சம் நெய்யும் இருந்தது.

வாழ்க்கை முழுவதும் ஜோக்கடித்தே தப்பித்தவன் நான். அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"லைன் போறதுக்கு முன்னால ரொம்ப நேரம் இருந்துச்சுங்க. மழை ஆரம்பிச்சப்ப நான் போன் போடல. இதை எழுதிக்கிட்டிருந்தேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மனதுக்குள் படிப்பார் என்று நினைத்தேன். வாய்விட்டே படித்தார், களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. "'வானம் தன் வெள்ளி நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டியது. தாகித்த மண் அண்ணாந்து வாய் திறந்தது...'" அடுத்த வரியில் மழைத்துளியை முத்து என்று வேறு எழுதியிருந்தேன். அதையும் படித்தார். நிறுத்தி நிதானமாக.

"அங்க அம்புட்டு அழகாவா பெஞ்சுச்சு?" என்றாள் மாரி. "இங்க கொஞ்சம் அசிங்கமாத்தான் பெஞ்சுச்சு."

எழுத்தாளனாக எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை அதைவிடச் சரியான விமர்சனமும் கிடைக்கவில்லை.

முதலாளி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "பாதித் தப்பு இவரோடது" என்றார் சொர்ணம்மாவிடம். "பஸ்ஸ விட்டுட்டு ஆள நம்புனது ஒன்னோடது. அடுத்த கப்பலுக்கு இதையே வெளுத்துக் காயவச்சுக் காட்டு. பொறவு பேசுவோம்."

என் முதலாளிக்குத் தந்தி அடித்தேன்: மழை, தாமதம். இரண்டு வார்த்தையில் மழையைச் சொல்ல என்னால் முடிந்திருக்கிறது பாருங்கள்.

அடுத்த நாட்களில் ஆலையிலேயே கிடந்தேன். சேறு போக அலசுகிற தொட்டியில் என்னையும் இறக்கிவிட்டார்கள். "பினாங்கு அண்ணாச்சி, மண்ணு அண்ணாந்து வாய் தெறக்குது, தண்ணிய ஊத்துங்க" என்று மாரி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். சலவைத் தூளில் விரல்கள் வெந்து தோல் உரிந்தன. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்து வட்டமாக உட்காருவார்கள். என் பக்கம் ஒரு கருவாட்டுத் துண்டு வரும், கூடவே ஒரு குத்தலும் வரும். முதலாளியம்மாவுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று பால்கோவாவைப் பிரித்து வைத்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சொர்ணம்மா மட்டும், "எனக்கு இனிப்பு ஆகாது" என்று தண்ணீரைக் குடித்தார். இரண்டு நாள் முன்பு அவர் மாரியின் சட்டியிலிருந்து அதிரசம் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன்.

மறுபடியும் விரித்த அன்று காலை ரேடியோவில் அதே குரல், அதே ஓரிரு இடங்கள். வெயில் பளீரென்று அடித்தது. இரண்டு மணிக்குத் துணி அநேகமாகக் காய்ந்துவிட்டது. மூன்று மணிக்கு மலை மேலே கறுத்தது. மூன்றேகாலுக்கு வில்லிபுத்தூர் பஸ் வந்தது. தூரத்தில் வரும்போதே சொர்ணம்மா ரோட்டோரம் போய் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் படுதா இறங்கியிருந்தது. பஸ் எங்களைக் கடந்து வளைவில் திரும்பியபோது அந்தப் பக்கமும் தெரிந்தது. இறங்கியிருந்தது.

"எடுங்கட்டி!"

இருபது பேர் ஓடினார்கள். நானும் ஓடினேன். கயிற்றிலிருந்து துணி உருவி, தோளில் போட்டு, கொட்டகைக்குள் எறிந்து, மறுபடியும் ஓடி. கடைசி வரிசையில் ஒரு சுருளை நான் கயிற்றோடு சேர்த்து இழுத்துக் கீழே விழுந்தேன். துணியை மட்டும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மாரி என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். என்னை யாரும் தூக்கவில்லை. நான் வெளுக்க வேண்டிய சரக்கு இல்லையே. கொட்டகைக் கதவை இழுத்து மூடிய பிறகுதான் மழை தகரத்தில் விழுந்தது. இடித்தது, மின்னியது, கொட்டியது. என் கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

துணி லாரி ஏறிய காலையில் முதலாளி களத்துச் சாவிக் கொத்தை எல்லோர் முன்னாலும் சொர்ணம்மாவிடமே கொடுத்தார். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். சொர்ணம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த ஈட்டுக்குக் கயிறு கட்டப் போய்விட்டார்.

நான் விடைபெறப் போனேன். ரேடியோ அன்றும் ஓரிரு இடங்களைச் சொல்லியிருந்தது. மதுரைக்குப் போகிற வழியில் எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்கும். அவமானத்தை ஒரு போனிலாவது கழுவிவிடலாம் என்று ஓர் ஆசை.

"சொர்ணம்மா, நோட்டைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். வில்லிபுத்தூர்ல இறங்கி வானத்தைப் பாத்துட்டு, மழைன்னா அந்த நிமிஷமே போன் போடுறேன். சத்தியமா."

அவர் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பஸ் இருக்கு, அண்ணாச்சி."